எல்லாக் கிளைகளுக்கும் ஒரே கண்காணிப்புப் பாலிசி: ஆன் செய்வதற்கு முன்னும் பின்னும்

மேலோட்டமாகப் பார்த்தால், எல்லாக் கிளைகளின் கண்காணிப்பு விதிகளையும் ஒரே இடத்திலிருந்து அனுப்பும் மையப் பாலிசி மேலாண்மையை எங்கே ஆன் செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களைப் படித்தால் அதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. தலைமை அலுவலகத்தில் ஒரு நெட்வொர்க் கண்காணிப்பு சர்வர், கிளைகளில் ஆளுக்கொரு சின்ன சர்வர். மையத்தில் அந்த வசதியை ஆன் செய்தீர்கள். பல கிளைகள் புதிய பாலிசியை எடுத்துக்கொண்டன. சில கிளைகள் அசையவே இல்லை. ஒரு கிளையில் மட்டும், அங்கிருப்பவர்கள் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து வைத்திருந்த எச்சரிக்கை வரம்புகள் ஒரே இரவில் காணாமல் போயின. கூடவே, லைன் அறுந்தால் கிளையின் கண்காணிப்பு நின்றுவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆக, மையம் சொல்வது கிளைக்குப் போய்ச் சேருவது எப்படி, சேர்ந்த பிறகு யார் பேச்சு செல்லும், தொடர்பே இல்லாதபோது என்ன நடக்கும், இந்த மூன்றும்தான் நீங்கள் கேட்பது.

எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் எந்த மெனுவில் எந்தப் பட்டன் என்று என்னால் சொல்ல முடியாது. ஜாபிக்ஸ், ஐசிங்கா, செக்எம்கே, நெட்எக்ஸ்எம்எஸ், மைக்ரோசாஃப்டின் ஆபரேஷன்ஸ் மேனேஜர் என ஒவ்வொன்றும் இதற்கு வேறு வேறு பெயர் வைத்திருக்கிறது. ஆனால் உள்ளே ஓடும் கணக்கு பெரும்பாலும் ஒன்றுதான். பல கிளைகள் கொண்ட நெட்வொர்க்குகளில் இந்த வேலையைத் தொடர்ந்து செய்து வருகிறவன் என்ற முறையில் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: ஆன் செய்வது இதில் மிகச் சின்ன வேலை. ஒவ்வொரு அமைப்பும் யாருக்குச் சொந்தம், மையத்துக்கா கிளைக்கா என்று முன்கூட்டியே எழுதி வைப்பதுதான் பெரிய வேலை. அது இல்லாமல் ஆன் செய்தால், உங்களுக்கு நடந்ததுதான் எல்லோருக்கும் நடக்கும்.

பாலிசி என்ற ஒரே சொல்லில் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன, அதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். எதை அளப்பது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை அளப்பது, எந்த வரம்பைத் தாண்டினால் யாருக்கு அலர்ட் போவது என்பது கண்காணிப்புப் பாலிசி. ரூட்டரிலும் ஸ்விட்சிலும் இருக்கும் அமைப்பையே மாற்றுவது சாதனப் பாலிசி. இந்த வேறுபாட்டை நெட்வொர்க் உலகம் அனுபவப்பட்டே கற்றுக்கொண்டது. சாதனங்களிடம் தகவல் கேட்டு வாங்கும் நெறிமுறையான எஸ்என்எம்பி (SNMP) 1990-இல் ஆர்எஃப்சி 1157 ஆக (ஆர்எஃப்சி என்பது இணைய நெறிமுறைகளுக்கான எண்ணிட்ட ஆவணம்) வந்தபோது படிப்பது, எழுதுவது இரண்டுக்கும் வழி வைத்திருந்தார்கள். 2002 ஜூனில் நெட்வொர்க் நடத்துபவர்களும் நெறிமுறை வடிவமைப்பாளர்களும் கூடிப் பேசியதன் அறிக்கை அடுத்த ஆண்டு ஆர்எஃப்சி 3535 ஆக வெளிவந்தது. எஸ்என்எம்பி கண்காணிக்கத்தான் பயன்படுகிறது, சாதனங்களின் அமைப்பை மாற்றப் பொதுவாக அதைப் பயன்படுத்துவதில்லை என்பது அதில் தெளிவாகவே இருக்கிறது. அந்தத் தேவைக்காக 2006-இல் நெட்கான்ஃப் என்ற தனி நெறிமுறை வந்தது. உங்கள் மென்பொருள் இரண்டு வேலையையும் ஒரே திரையில் காட்டினாலும், முதல் கட்டத்தில் கண்காணிப்புப் பாலிசியை மட்டும் மையப்படுத்துங்கள். சாதனங்களில் கை வைக்கும் உரிமையை அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம்.

சரி, சில கிளைகள் ஏன் அசையவில்லை? பெரும்பாலான மென்பொருள்களில் மையம் அனுப்புவதாகச் சொன்னால் மட்டும் போதாது, எடுத்துக்கொள்கிறேன் என்று கிளையும் சொல்ல வேண்டும். ஐசிங்காவில் கிளை நோடின் (ஐசிங்கா ஓடும் ஒவ்வொரு கணினியும் ஒரு நோட்) ஏபிஐ லிசனர் அமைப்பில், அதாவது மற்ற நோடுகளோடு பேசும் பகுதியின் அமைப்பில், 'அக்செப்ட் கான்ஃபிக்' என்பதை உண்மை என்று வைத்தால்தான் அது மேலிருந்து வரும் அமைப்பை ஏற்கும். நெட்எக்ஸ்எம்எஸ் ஏஜென்ட்டில், அதாவது கண்காணிக்கப்படும் கணினியில் ஓடும் சின்ன நிரலில், சர்வர்களுக்கு மூன்று தனித்தனிப் பட்டியல்கள்: வெறுமனே படிக்கும் சர்வர், சில கட்டளைகள் தரும் கன்ட்ரோல் சர்வர், முழு உரிமை உள்ள மாஸ்டர் சர்வர். புதிய கோப்புகளை ஏஜென்ட்டுக்குள் இறக்கும் உரிமை மாஸ்டர் பட்டியலில் இருக்கும் சர்வருக்குத்தான். மைய சர்வரின் முகவரியை முதல் பட்டியலில் மட்டும் போட்டிருந்தால் கண்காணிப்பு ஜோராக நடக்கும், பாலிசி மட்டும் இறங்காது. எல்லாம் பச்சையாகத் தெரிவதால் இந்த நிலையைக் கண்டுபிடிக்க நேரம் பிடிக்கும். இது பாதுகாப்புக்காக வேண்டுமென்றே வைத்த பூட்டு. அதனால் அடம்பிடிக்கும் கிளைகளில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அடுத்து, இணைப்பை யார் தொடங்குகிறார்கள் என்று பாருங்கள். ஜாபிக்ஸில் சர்வர் போய் ஏஜென்ட்டைக் கேட்கும் முறைக்கு 10050 போர்ட். ஏஜென்ட்டோ ப்ராக்ஸியோ (கிளையில் தரவைச் சேர்த்து மையத்துக்கு அனுப்பும் இடைச் சர்வர்) தானாக வந்து சர்வரிடம் ஒப்படைக்கும் முறைக்கு 10051. ஐசிங்கா நோடுகள் 5665-இல் பேசிக்கொள்ளும். கிளைகள் 'நாட்' (NAT) ஏற்பாட்டுக்குப் பின்னால், அதாவது முகவரி மாற்றம் செய்யும் ரூட்டருக்குப் பின்னால் இருந்தால், மையத்திலிருந்து உள்ளே போவது கஷ்டம். கிளையே வெளியே வந்து மையத்தைத் தொடும்படி அமைப்பதுதான் நல்லது. ஃபயர்வாலில் கிளைப்பக்கம் எதையும் திறந்து வைக்க வேண்டியதும் இருக்காது.

அப்புறம் சான்றிதழ். இதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் அடிக்கடி ஆளைச் சுற்றலில் விடுவது இதுதான். கிளை சர்வரின் கடிகாரம் சில மணி நேரம் பின்தங்கி ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மையம் இன்று காலை புதிதாகச் சான்றிதழ் கொடுக்கிறது. கிளையின் கணக்கில் அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் இணைப்பை மறுக்கிறது. பிங் போகும், போர்ட் திறந்திருக்கும், திரையில் தெரிவது 'தொடர்பு தோல்வி' என்ற ஒரே வரி. கிளையின் லாகைத் திறந்தால்தான், சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகவில்லை என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். சில மணி நேரம் கழித்து யாரும் தொடாமலே சரியாகிவிடும் என்பதால், காரணம் தெரியாமலேயே கேஸை மூடிவிடுவார்கள். கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி (NTP) ஒழுங்காக ஓடுகிறதா என்று எல்லாக் கிளைகளிலும் பார்த்துவிட்டுத்தான் நான் மற்ற எதையும் தொடுவேன். சான்றிதழில் இருக்கும் பெயரும் அமைப்பில் இருக்கும் நோடின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பதிப்பு வேறுபாடும் ஒரு காரணம். ஐசிங்காவில் மாஸ்டரை, அதாவது மைய நோடை, முதலில் புதுப்பிக்க வேண்டும், பிறகு இடைநிலை நோடுகள், கடைசியில் ஏஜென்ட்கள். மேலே இருப்பது கீழே இருப்பதைவிடப் பழைய பதிப்பாக இருக்கக் கூடாது. அதே ஐசிங்காவில் இரண்டு மாஸ்டர் இருந்தால், ஜோன் (நோடுகளின் குழு) அமைப்புக் கோப்புகள் ஒரே ஒரு மாஸ்டரில்தான் இருக்க வேண்டும். இன்னொன்றிலும் போட்டு வைத்தால், சொந்தக் கோப்பு இருக்கிறதே என்று அது மற்றதிலிருந்து வருவதை எடுக்காது. 2.11 பதிப்பிலிருந்து ஒரு நல்ல ஏற்பாடு வந்தது: வரும் அமைப்பை நேராகப் போட்டுக்கொள்ளாமல், தனி இடத்தில் இறக்கி, சரிபார்த்து, தேறினால்தான் நடைமுறைக்குக் கொண்டுவரும். எனவே அங்கே 'இறங்கியது' வேறு, 'அமலானது' வேறு. உங்கள் மென்பொருளிலும் இந்த இரண்டு நிலைகளையும் தனித்தனியாகக் காட்டும் திரை இருக்கிறதா என்று தேடுங்கள்.

இப்போது அழிந்துபோன வரம்புகளுக்கு வருவோம். பாலிசி என்பது பொதுவாக டெம்ப்ளேட் வடிவில் இறங்கும். மையத்தில் ஒரு அச்சு, கிளையில் அதன் பிரதி. கிளையில் யாராவது அந்தப் பிரதியையே நேராகத் திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் எங்கும் விதிவிலக்கு என்று பதிவாகியிருக்காது. அடுத்த முறை அச்சு இறங்கும்போது பிரதி மறுபடி அச்சைப் போலவே ஆகிவிடும். மென்பொருளின் பார்வையில் இது பழுதே இல்லை, அது சொன்னதைத்தான் செய்தது. உங்கள் அந்த ஒரு கிளையில் நடந்தது இதுதான் என்று லாகைப் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் விவரித்த விதத்துக்கு இதுதான் மிகப் பொருத்தமான விளக்கம்.

இதைத் தவிர்க்க ஒவ்வொரு மென்பொருளும் ஒரு வழி வைத்திருக்கிறது. ஜாபிக்ஸில் வரம்பு எண்ணை டெம்ப்ளேட்டுக்குள் நேராக எழுதாமல் ஒரு மேக்ரோவாக, அதாவது பெயரிட்ட மாறியாக, வைக்க வேண்டும். அதே மேக்ரோ சாதன அளவில் இருந்தால் அதுதான் செல்லும். இல்லையென்றால் டெம்ப்ளேட்டில் இருப்பது. அதுவும் இல்லையென்றால் எல்லோருக்கும் பொதுவானது. ஆக, டெம்ப்ளேட் எத்தனை முறை மாறினாலும் சாதன அளவில் வைத்த எண் அப்படியே நிற்கும். செக்எம்கேயில் விதிகள் மேலிருந்து கீழாக ஓடும். பெரும்பாலான விதித் தொகுப்புகளில் முதலில் பொருந்தும் விதிதான் வெல்லும். கிளைக்கான விதி பொது விதிக்கு மேலே இருந்தாக வேண்டும், கீழே வைத்தால் இருந்தும் இல்லாததுதான். ஆபரேஷன்ஸ் மேனேஜரில் முத்திரையிட்ட மேனேஜ்மென்ட் பேக்கை (கண்காணிப்பு விதிகளின் தொகுப்பு) யாரும் தொட முடியாது. மாற்றங்கள் எல்லாம் தனிப் பேக்கில் ஓவர்ரைடாக, அதாவது மூல மதிப்பை மீறும் மதிப்பாகத்தான் சேரும். அந்த ஓவர்ரைடுகளை டிஃபால்ட் மேனேஜ்மென்ட் பேக்கில் கொட்டி வைக்க வேண்டாம் என்பது அந்தத் துறையில் எல்லோரும் சொல்லும் அறிவுரை. பின்னால் எது எதற்காக வந்தது என்று பிரிக்கவே முடியாமல் போகும். மூன்றிலும் நோக்கம் ஒன்றுதான்: விதிவிலக்கை விதிவிலக்கு என்று மையத்தின் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் எழுதுவது.

அழிந்ததை மீட்க முடியுமா? அந்தக் கிளையின் டேட்டாபேஸ் பேக்கப் இருந்தால் முடியும். பேக்கப்பை வேறொரு மெஷினில் ஏற்றி, வரம்புகளை மட்டும் படித்து எடுங்கள். நடந்துகொண்டிருக்கும் டேட்டாபேஸ் மேலேயே ஏற்றினால் இடைப்பட்ட தரவு போய்விடும். ஆடிட் லாக் ஆன் செய்து வைத்திருந்தால் பழைய மதிப்புகள் அதிலும் கிடைக்கலாம். ஒன்றை மட்டும் அவசரத்தில் செய்துவிட வேண்டாம். பாலிசியைக் கழற்றினால் பழையது திரும்பி வரும் என்று நினைத்து டெம்ப்ளேட்டைப் பிரிக்கப் போவீர்கள். ஜாபிக்ஸில் அதற்கு இரண்டு வழி உண்டு. வெறுமனே பிரிப்பது அளவீடுகளைச் சாதனத்திலேயே விட்டுவிடும். 'பிரித்து அழி' என்பதோ அளவீடுகளையும், அவற்றோடு சேர்ந்த பழைய தரவையும் சேர்த்தே துடைத்துவிடும். அந்தத் தரவை மறுபடி அளக்க வழியில்லை.

எதை மையத்தில் வைப்பது, எதைக் கிளையிடம் விடுவது என்பதில் கருத்து வேறுபாடுகள் உண்டு. என் கருத்தைச் சொல்கிறேன். எதை அளக்க வேண்டும் என்ற பட்டியல், அளவீடுகளின் பெயர்கள், அலர்ட்டின் தீவிர நிலைகள், தரவை எத்தனை நாள் வைத்திருப்பது, லாகின் உரிமைகள், இவை மையத்தின் சொத்து. கிளைக்குக் கிளை பெயர் மாறினால் மொத்த அறிக்கை எடுக்கவே முடியாது. வரம்பு எண்கள், பராமரிப்பு நேரங்கள், முதல் அலர்ட் யாருக்குப் போக வேண்டும் என்பது, இவை கிளையின் சொத்து. மையம் ஒரு ஆரம்ப மதிப்பை மட்டும் தரட்டும். ஒரு உதாரணம்: வட்டு 90 சதவீதம் நிரம்பினால் அலர்ட் என்று எல்லோருக்கும் ஒரே விதி போடுகிறீர்கள். 40 ஜிபி வட்டில் மிச்சம் 4 ஜிபி. ஒரு லாக் ஃபைல் கட்டுமீறி வளர்ந்தால் அது சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். 20 டிபி வட்டில் மிச்சம் 2 டிபி. அது பல மாதத்துக்குக் காணலாம், ஆனாலும் அலர்ட் அடித்துக்கொண்டே இருக்கும். அடிக்கிற அலர்ட்டைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன கிளை ஆட்கள், கடைசியில் மொத்தமாகவே அமுக்கி வைத்துவிடுவார்கள். மையம் சொல்கிற சதவீதத்தோடு 'மிச்சம் இத்தனை ஜிபிக்குக் கீழே போனால்' என்ற இரண்டாவது நிபந்தனையையும் சேர்த்து, இரண்டையும் கிளை மாற்றக்கூடியதாக வைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

அதேபோல ஒரே எண்ணில் அலர்ட் தொடங்கவும் முடியவும் விடாதீர்கள். 90-இல் தொடங்கினால் 85-க்கு இறங்கிய பிறகு முடியட்டும். இல்லாவிட்டால் 89-க்கும் 91-க்கும் இடையில் ஊசலாடும் ஒரு லிங்க் இரவு முழுக்கச் செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும். பாலிசி மையத்தில் இருப்பதால், இந்த ஒரு குறை எல்லாக் கிளைகளிலும் ஒரே நேரத்தில் வெளிப்படும்.

பாலிசி யாருக்குப் பொருந்தும் என்பதைச் சாதனங்களின் பெயரை வைத்துத் தீர்மானிக்காதீர்கள். ஒவ்வொரு சாதனத்துக்கும் அதன் வேலை, அதன் இடம், அது எவ்வளவு முக்கியம் என்று மூன்று குறிச்சொற்களாவது இருக்கட்டும். பாலிசியை அந்தக் குறிச்சொற்களோடு கட்டுங்கள். இந்தப் பட்டியல் அரைகுறையாக இருந்தால் பாலிசியும் அரைகுறையாகத்தான் இறங்கும். எனவே ஆன் செய்வதற்கு முன் செலவழிக்கும் நேரத்தில் பெரும்பகுதி இதற்குப் போவதுதான் முறை. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் தவிர்க்க முடியாது.

இப்போது எப்படிப் பரப்புவது என்று பார்ப்போம். ஒரே நாளில் எல்லாக் கிளைகளுக்கும் தள்ளக் கூடாது என்பதற்கு 2024 ஜூலை 19-க்கு மேல் பெரிய உதாரணம் தேவையில்லை. க்ரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு ஏஜென்ட்டுக்கு மையத்திலிருந்து ஒரு பிழையான கோப்பு போனது. 78 நிமிடத்தில் அதைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அதற்குள் அதை எடுத்துக்கொண்ட கணினிகள் ஒழுங்காகத் தொடங்கவே முடியாமல் போயின. மைக்ரோசாஃப்டின் கணிப்பின்படி ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள். அது நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருள் இல்லை. என்றாலும் மையத்திலிருந்து ஏஜென்ட்டுக்குத் தள்ளும் எந்த ஏற்பாட்டுக்கும் அதில் பாடம் இருக்கிறது. தவறான பாலிசி, தன்னைத் திருத்தவரும் பாதையையே அடைத்துவிடலாம். கண்காணிப்பு ஏஜென்ட் விஷயத்தில் இது எப்படி நடக்கும் என்றால், மைய சர்வரின் முகவரி, போர்ட், சான்றிதழ் ஆகியவற்றையும் அதே பாலிசி வழியாக அனுப்பும்போது. ஒரு எழுத்துப்பிழை போதும். ஏஜென்ட் புதிய முகவரியைத் தேடிக்கொண்டிருக்கும், திருத்தப்பட்ட பாலிசியோ பழைய வழியில் காத்திருக்கும். அப்புறம் ஒவ்வொரு கிளைக்கும் ஆள் போய்த்தான் சரிசெய்ய வேண்டும். எனவே தொடர்பு சம்பந்தமான அமைப்புகளை மற்ற பாலிசியிலிருந்து பிரித்து வையுங்கள். அவற்றை மாற்றும்போது பழைய முகவரியும் கொஞ்ச நாள் வேலை செய்யட்டும்.

நான் பின்பற்றும் வரிசை இது. முதலில், மையம் கிளைகளின் தற்போதைய அமைப்பைப் படிக்க மட்டும் செய்யட்டும், எதையும் மாற்ற வேண்டாம். பாலிசி இறங்கினால் எங்கே எது மாறும் என்ற வித்தியாசப் பட்டியலை எடுங்கள். இதற்கென்று வசதி இல்லாத மென்பொருளிலும், அமைப்பை யாமல் (YAML) அல்லது ஜேசான் (JSON) வகை எழுத்துக் கோப்பாக எடுத்து ஒப்பிட முடியும். அந்தக் கோப்புகளை கிட் (Git) என்ற, மாற்றங்களைப் பதிவு செய்யும் மென்பொருளில் வைத்தால் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற வரலாறும் சேர்ந்து கிடைக்கும். பிறகு சோதனைச் சாதனங்கள், அப்புறம் பிரச்சினையை வெளிப்படையாகச் சொல்லக்கூடிய ஆட்கள் இருக்கும் ஒரு கிளை, பிறகு சில கிளைகள், கடைசியில் எல்லாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் ஒரு முழு வேலை வாரமாவது போகட்டும். வார இறுதி பேக்கப், வாரத்தொடக்க நெரிசல் எல்லாம் அதற்குள் ஒருமுறை வந்துபோய்விடும்.

இடையில் ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள். 600 சாதனங்கள், ஒவ்வொன்றிலும் 100 அளவீடு, நிமிடத்துக்கு ஒருமுறை என்றால் விநாடிக்கு 1,000 மதிப்புகள் வரும். மையத்தில் ஒருவர் 60 என்பதை 10 என்று மாற்றினால் அது விநாடிக்கு 6,000 ஆகிறது. ஜாபிக்ஸ் ஆவணங்கள் எண் மதிப்பு ஒன்றுக்கு ஏறத்தாழ 90 பைட் என்று கணக்குப் போடச் சொல்கின்றன. அந்தக் கணக்கில் நாளுக்கு 8 ஜிபிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது 46 ஜிபியைத் தாண்டிவிடும். தனித்தனி சர்வராக இருந்தபோது இப்படி ஒரு தவறு நடந்தால் ஒரு கிளையோடு போயிருக்கும். மையப்படுத்திய பிறகு அது டேட்டாபேஸையே படுக்க வைக்கும். இடைவெளியை மாற்றும் உரிமையை மிகச் சிலரிடம் மட்டும் கொடுங்கள்.

லைன் அறுந்தால் என்ன ஆகும்? இந்த இடத்தில் மென்பொருளுக்கு மென்பொருள் உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டே தேர்ந்தெடுங்கள். ஜாபிக்ஸ் ப்ராக்ஸி அளந்துகொண்டே இருக்கும், தரவைத் தன்னிடம் சேர்த்தும் வைக்கும். ஆனால் வரம்பு தாண்டியதா என்று முடிவு செய்வது மைய சர்வர்தான். ஆகவே லைன் இல்லாத நேரத்தில் அந்தக் கிளையிலிருந்து அலர்ட் வராது. அனுப்ப முடியாத தரவை ப்ராக்ஸி வைத்திருக்கும் காலம் இயல்பாக 1 மணி நேரம்தான், 720 மணி நேரம் வரை கூட்டலாம். கூட்டாமல் விட்டால் அரை நாள் துண்டிப்பில் பெரும்பகுதி தரவு போய்விடும். ஐசிங்காவின் இடைநிலை நோட் அப்படியல்ல. சோதனையைத் தானே ஓட்டி, நிலையைத் தானே முடிவு செய்யும். அறிவிப்பு வசதியை அங்கேயே ஆன் செய்திருந்தால் கிளைக்குள்ளேயே அலர்ட்டும் போகும். லைன் திரும்பியதும் விட்டுப்போனதை அனுப்பிவிடும், அதற்கான பதிவை இயல்பாக ஒரு நாள் வைத்திருக்கும். செக்எம்கேயின் கிளைத் தளங்களும் சொந்தமாக ஓடுபவை, மையத்திலிருந்து கடைசியாக வந்த அமைப்போடு தொடர்ந்து வேலை செய்யும். உங்கள் கிளைகளில் இரவில் ஆள் இருந்து, உள்ளூர் அலர்ட் வந்தாக வேண்டும் என்றால் இரண்டாவது வகைதான் உங்களுக்கு. ஆள் இல்லை, மையத்தில்தான் எல்லோரும் இருக்கிறார்கள் என்றால் ப்ராக்ஸியே போதும், பராமரிப்பு வேலையும் குறைவு.

ப்ராக்ஸி பக்கம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மையத்தில் செய்த மாற்றம் கிளைக்குப் போக எடுக்கும் நேரம் பதிப்பைப் பொறுத்தது. பழைய பதிப்புகளில் ப்ராக்ஸி அமைப்பைப் புதுப்பித்துக்கொள்ளும் இடைவெளி இயல்பாக 3,600 விநாடி. 6.4-இலிருந்து 10 விநாடி. பழைய பதிப்பில் பாலிசியை மாற்றிவிட்டு ஐந்து நிமிடத்தில் வரவில்லையே என்று மறுபடி மறுபடி மாற்றிக்கொண்டிருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் பதிலை விட முடியாது. எல்லாச் சாதனங்களின் கடவுச்சொல்லும், எல்லா ஏஜென்ட்டிலும் எழுதும் உரிமையும் ஓரிடத்தில் சேரும்போது அந்த ஒரு சர்வர் கொத்துச்சாவி ஆகிவிடுகிறது. 2020 டிசம்பரில் வெளிவந்த சோலார்விண்ட்ஸ் ஓரியன் விவகாரத்தில் தாக்கியவர்கள் குறிவைத்தது நெட்வொர்க் கண்காணிப்பு மென்பொருளைத்தான். அதன் அதிகாரப்பூர்வ அப்டேட்டுக்குள்ளேயே நச்சுக் குறியீட்டை நுழைத்தார்கள். 18,000 வரையிலான வாடிக்கையாளர்கள் அதை நிறுவியிருக்கக்கூடும் என்று நிறுவனமே சொன்னது. மையப்படுத்தவே கூடாது என்று இதற்குப் பொருள் இல்லை. ஆனால் மைய சர்வருக்கு எல்லோரும் போகிற வழி இருக்கக் கூடாது. அது இணையத்தில் தேவையான இடங்களுக்கு மட்டும்தான் வெளியே போக வேண்டும். நிர்வாக லாகினுக்கு இரண்டடுக்குச் சரிபார்ப்பு வேண்டும். பாலிசி தள்ளும் உரிமையும் கட்டளை ஓட்டும் உரிமையும் வேறு வேறு என்பதையும் மறக்க வேண்டாம். ஜாபிக்ஸ் ஏஜென்ட் தொலைவிலிருந்து கட்டளை ஓட்டுவதை இயல்பாகவே மறுக்கிறது. ஐசிங்காவில் 'அக்செப்ட் கமாண்ட்ஸ்' என்பது தனி அமைப்பு. யாரோ சொன்னார்கள் என்று இரண்டையும் சேர்த்துத் திறந்து விடாதீர்கள். டெம்ப்ளேட்டுக்குள் கடவுச்சொல்லை வெறும் எழுத்தாக எழுதுவதும் கூடாது, ரகசிய மேக்ரோ அல்லது வால்ட் (ரகசியங்களைக் காக்கும் தனிப் பெட்டகம்) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். எஸ்என்எம்பி 3-ஆம் பதிப்பு தருகிற சாதனங்களில், பழைய 2சி பதிப்பின் கம்யூனிட்டி சொல்லோடு (மறையாக்கம் இல்லாமல் போகும் கடவுச்சொல் போன்றது) காலம் தள்ளுவதையும் இந்தச் சாக்கில் நிறுத்திவிடலாம்.

ஆன் செய்த பிறகு கிளைகளைப் பூட்டி வைப்பதா, கொஞ்சம் கை நீட்ட விடுவதா என்பதில் அனுபவசாலிகளே பிரிந்து நிற்கிறார்கள். முழுப் பூட்டு ஒழுங்கைத் தரும். ஆனால் நடு இரவில் ஒரு சாதனம் தப்பாக அலறும்போது கிளை ஆளால் எதுவும் செய்ய முடியாது. என் விருப்பம் இது: கிளை ஆள் எந்த அலர்ட்டையும் தற்காலிகமாக அமுக்கலாம், வரம்பை விதிவிலக்காக மாற்றலாம், ஆனால் காரணமும் முடியும் தேதியும் எழுதாமல் முடியாது. தேதி வந்ததும் மையம் கேட்கும். ஒரே வரம்புக்குப் பல கிளைகள் விதிவிலக்கு கேட்டால் தவறு கிளைகளிடம் இல்லை, பாலிசியில் இருக்கிறது. விதிவிலக்குப் பட்டியலை நான் அப்படித்தான் படிக்கிறேன். கிளையில் மாறியதை மையம் தானாகவே பழையபடி திருத்திவிடும் வசதியை முதல் சில மாதங்களுக்கு ஆன் செய்யாதீர்கள். வித்தியாசத்தைக் காட்டினால் போதும், திருத்துவது மனிதராக இருக்கட்டும்.

உங்கள் இப்போதைய நிலைக்கு: முதலில் மேலும் எதுவும் தள்ளாமல் நிறுத்துங்கள். எல்லாக் கிளைகளின் அமைப்பையும் டேட்டாபேஸையும் இன்றே பேக்கப் எடுங்கள், பாலிசி இறங்காத கிளைகளையும் சேர்த்துத்தான். அவற்றில் பழைய வரம்புகள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. வரம்பு போன கிளையில் பழைய பேக்கப் இருக்கிறதா என்று பார்த்து, எண்களை எடுத்து, சாதன அளவில் விதிவிலக்காகப் போடுங்கள். அசையாத கிளைகளில் கடிகாரம், ஏற்கும் அனுமதி, போர்ட், பதிப்பு என்ற வரிசையில் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு கிளை ஒத்துவராவிட்டால் மென்பொருளின் பெயர், இரு பக்கப் பதிப்பு எண்கள், பாலிசி தள்ளிய நேரத்தில் கிளையின் லாகில் வந்த வரிகள், இவற்றை இங்கே போடுங்கள். ஐபி முகவரிகளையும் சாதனப் பெயர்களையும் மறைத்துவிட்டுப் போடுங்கள். மையத்தின் லாக் மட்டும் போதாது, மறுப்பதற்கான காரணத்தை மறுக்கிற பக்கம்தான் எழுதி வைத்திருக்கும்.